ரத்தம் 7.4, கட்டி 5 செ.மீ.: கர்ப்பப்பையை எடுத்தே ஆகணுமா? (காரிமங்கலம்)

தையல்கடை எழுதியது:

வணக்கம். எனக்கு 42 வயது. காரிமங்கலம் பக்கம். வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சுகப்பிரசவம். சின்னவன் பிறந்ததும் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேன். சுகர், பிரஷர் எதுவும் கிடையாது.

தூரம் (மாதவிலக்கு) ஒழுங்காக வந்தே வருஷக் கணக்காகிறது. முன்பு நான்கு நாளில் முடிந்துவிடும். இப்போது எட்டு, ஒன்பது நாள் இழுக்கிறது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கட்டி கட்டியாகப் போகும். அந்த நாட்களில் மெஷினில் உட்கார மாட்டேன். ஸ்டூல் மேல் பழைய கறுப்புப் பாவாடையை மடித்துப் போட்டு, எழும்போதெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்து, அது ஒரு பிழைப்பா? அதற்கு நின்றுகொண்டே கொக்கி தைப்பது, கையால் ஹெம்மிங் போடுவது என்று ஓட்டிவிடுவேன். பள்ளி யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டை ஆர்டர் வந்தால் தேதியைக் கணக்குப் போட்டுத்தான் வாங்குவேன். தர்மபுரிக்குப் பஸ்ஸில் போக வேண்டியிருந்தால் சீட் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவது. பெண்களுக்குப் புரியும்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்னொன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறது. தையல் சாக்பீஸ் வாசனை வந்தால் கடித்துவிடலாமா என்று இருக்கும். பெரியவள்தான் பார்த்துவிட்டு "உனக்கு என்னமோ ஆயிருச்சும்மா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7.4. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்: கர்ப்பப்பை பெரிதாகி உள்ளது. பின்சுவரில் இன்ட்ராமியூரல் ஃபைப்ராய்டு (சதைக் கட்டி) 5.3 × 4.9 செ.மீ. இன்னொன்று சப்மியூகோசல், 2.1 × 1.8 செ.மீ. சூலகங்கள் இரண்டும் நார்மல்.

இங்கே பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். (பேர் வேண்டாம்.) ரிப்போர்ட்டைப் பிரித்தார்கள், மூடினார்கள். "குழந்தைதான் பெத்தாச்சே, இனி அந்தப் பை எதுக்கு? ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டு அடுத்த வாரமே எடுத்துடலாம், விட்டா கேன்சரா மாறினாலும் மாறும்" என்றார்கள். மாத்திரையில் சரியாகாதா என்று கேட்டதற்கு, நெட்டில் படித்துவிட்டு வந்தாயா என்று ஒரு பார்வை. வெளியே வந்ததும் கவுன்டரில் முன்பணம் கேட்டார்கள்.

வீட்டுக்காரர் தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறார். விடிகாலை பாலக்கோடு மண்டிக்குப் போனால் மதியம்தான் வருவார். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். அத்தையோ "எனக்கு முப்பத்தெட்டுல எடுத்தாங்க, நான் அப்புறம் களை வெட்டலையா, நாத்து நடலையா?" என்கிறார். ஆனால் அதே அத்தைதான் நாற்பது வயதிலிருந்து உடம்பு எரிகிறது, எலும்பு வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. அதற்காகத் தள்ளிப்போடப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எடுத்தால்தான் பிழைப்பேன் என்றால் நாளைக்கே போய்ப் படுத்துக்கொள்வேன். ஆனால் 5 செ.மீ. கட்டிக்கு முழுப் பையையும் எடுப்பது ஒன்றுதான் வழியா? கேன்சராக மாறும் என்பது நிஜமா? இதே பிரச்சினையில் இருந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், விவரம் வேண்டும்.


மாந்தோப்பு எழுதியது:

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்டவள். 46 வயதில். எனக்கு ஒன்றிரண்டு இல்லை, சின்னதும் பெரிசுமாக நிறைய. அடிவயிற்றில் கை வைத்தாலே கல் மாதிரி தட்டுப்படும். மூத்திரப் பையை அழுத்தியதால் ராத்திரி தூக்கமே கிடையாது, எழுந்து எழுந்து போகணும். மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தேன். நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். கடைசியில் நானே கேட்டு எடுத்துக்கொண்டேன்.

அதனால் சொல்கிறேன், எடுப்பது என்றாலே ஏதோ அநியாயம் நடப்பது போலப் பேசுகிறவர்கள் பேச்சையும் முழுசாகக் கேட்காதீர்கள். "பொம்பளைத்தனம் போயிடும்", "புருஷன் ஒதுங்கிடுவான்" என்று என் காதுபடவே பேசினார்கள். ஒன்றும் போகவில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பயமில்லாமல் போய் வருகிறேன்.

எனக்குச் செய்த டாக்டரம்மா முதலிலேயே உட்கார வைத்துச் சொன்னார்கள்: பையை மட்டும் எடுக்கிறோம், சூலகம் இரண்டையும் விட்டுவிடுகிறோம், அது இருக்கிறவரைக்கும் உடம்புக்கு வேண்டிய ஹார்மோன் சுரக்கும் என்று. அதனால் தூரம் நின்றதே தவிர எரிச்சல், வியர்வை எதுவும் அப்போது வரவில்லை. உங்கள் அத்தைக்குச் சூலகத்தையும் சேர்த்து எடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அந்தக் காலத்தில் கேட்காமலே எடுத்துவிடுவார்கள்.

எனக்கு வயிற்றைக் கீறித்தான் செய்தார்கள். ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது என்றார்கள். குடம் தூக்காதே, சிலிண்டர் நகர்த்தாதே என்றெல்லாம் வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். துடுப்பு போட்டுக் களி கிண்டுவதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை! நம் பக்கத்து ஆட்களுக்கு அது வேலையாகவே தெரியாது. அடிவயிறு இறுக்கிக்கொண்டு கிண்டுகிற வேலை அது. வேறு யாராவது கிண்டட்டும்.


மூலிகை நேசன் எழுதியது:

சகோதரி, அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டாம். அசோகப்பட்டையைக் கஷாயம் வைத்து ஒரு மண்டலம் குடியுங்கள். கூடவே சோற்றுக்கற்றாழை. எங்கள் சித்திக்குக் கட்டி கரைந்தே போனது. ஆங்கில மருத்துவம் எல்லாம் பணம் பிடுங்கும் வேலை.


வார்டு அக்கா எழுதியது:

தையல்கடை கண்ணு, நான் டாக்டர் இல்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பெண்கள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். இப்போது பர்கூரில் பேரனை ஸ்கூலுக்கு அனுப்புவதுதான் டூட்டி. முடிவை உன்னை நேரில் பார்க்கிற டாக்டர்தான் சொல்லணும். அவரிடம் என்ன கேட்கணும் என்பதை நான் சொல்கிறேன்.

எல்லோரும் உன் பெரிய கட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தச் சின்னது மேல்தான் சந்தேகம்.

லைனிங் வைத்த ஜாக்கெட்டை நினைத்துக்கொள். மேல் துணிக்கு வெளியே ஒரு முடிச்சு இருந்தால் உடம்புக்குத் தெரியாது. லைனிங்குக்கு அடியில் இருந்தால் சின்ன முடிச்சானாலும் நாள் முழுக்க உறுத்தும். கர்ப்பப்பையின் வெளிப்பக்கம் வளர்வது சப்சீரோசல். அது பெரிதானால் மூத்திரப்பையையோ குடலையோ அழுத்துமே தவிர, உதிரப்போக்கை அதிகம் கூட்டாது. தசைக்குள்ளேயே இருப்பது இன்ட்ராமியூரல், உன் 5.3 அதுதான். உள்தோலை ஒட்டிக் குழிக்குள் துருத்திக்கொண்டு வருவது சப்மியூகோசல். மாதாமாதம் ரத்தமாக உரிந்து வருவது அந்த உள்தோல்தானே! அதனால் 2 செ.மீ. கட்டியே ஆளைச் சாய்க்கிற அளவு ரத்தப்போக்கைக் கொடுக்கும். இன்ட்ராமியூரலும் பெரிதாகிக் குழியைத் தள்ளினால் கொடுக்கும்தான். அதனால்தான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "சின்னக் கட்டி எவ்வளவு தூரம் குழிக்குள் இருக்கிறது?" பாதிக்கு மேல் உள்ளே இருந்தால், வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல், பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டுச் சீவி எடுத்துவிடலாம். ஹிஸ்டரோஸ்கோபி என்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். இதை உள்வழி ஸ்கேனில் பார்த்துச் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் உன் 7.4. உன்னை மாதிரிப் பெண்களுக்கு 12 இருக்கணும். 8-க்குக் கீழே போனால் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் கடுமையான ரத்தசோகை. பச்சரிசி, சாக்பீஸ் ஆசைக்கு வெட்கப்படாதே. இரும்புச்சத்து குறைந்தால் வருகிற கோளாறு அது. வார்டில் ஐஸ்கட்டி தின்பவர்கள், செம்மண் தின்பவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன், இரும்பு ஏறியதும் தானாக விட்டுவிடும். இந்த அளவில் மாத்திரை மட்டும் போதாது. அரசு மருத்துவமனையில் ட்ரிப்பில் அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுவார்கள். மூன்று நான்கு வாரத்தில் நன்றாகத் தெரியும். இப்போது ரத்தம் கொட்டிக்கொண்டு மயங்கி விழுகிற நிலையில் நீ இல்லை என்றால், அடுத்த வாரமே ரத்தம் ஏற்றி ஆபரேஷன் செய்வதற்கு என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. ரத்தம் ஏறிய பிறகு செய்கிற ஆபரேஷன்தான் பத்திரம், எந்த ஆபரேஷனாக இருந்தாலும்.

தையல் கடையில் உட்கார்ந்தால் டீ எத்தனை உள்ளே போகும் என்று எனக்குத் தெரியும். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி, பால் வேண்டாம். இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை ஜூஸோடு போடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. களியும் கீரையும் நல்லதுதான், சாப்பிடு. ஆனால் 7.4-ஐக் களி ஒன்றால் தூக்க முடியாது.

உதிரப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று ஒரு மாத்திரை உண்டு. போக்கு அதிகமாக இருக்கிற நாட்களில் மட்டும் போடுவது. ஹார்மோன் இல்லை, கட்டியைக் கரைக்காது, ரத்தத்தை மட்டும் குறைக்கும். காலில், நுரையீரலில் ரத்தம் உறைந்த சரித்திரம் இருந்தால் கூடாது, அதனால் கடையில் நீயாகக் கேட்டு வாங்காதே. மிரினா மாதிரி, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் காயிலும் (coil) நன்றாக வேலை செய்யும், ஆனால் குழிக்குள் கட்டி துருத்திக்கொண்டிருந்தால் காயில் நழுவி வெளியே வந்துவிடலாம். முதலில் கட்டியை எடுத்துவிட்டு அப்புறம் காயில் வைப்பதும் உண்டு. மாதம் ஒரு ஊசி (லூப்ரோலைடு) போட்டுத் தூரத்தையே நிறுத்திக் கட்டியைச் சுருக்குவார்கள். ஆபரேஷனுக்கு முன் இரண்டு மூன்று மாதம் அது உதவும், ரத்தம் ஏறவும் அவகாசம் கிடைக்கும். ஆனால் நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். நீளமாகப் போட்டால் எலும்பு தேயும், உங்கள் அத்தை விசிறியோடு உட்கார்ந்த கதைதான்.

கட்டியை மட்டும் எடுப்பது மயோமெக்டமி. வயிற்றைக் கீறியும் செய்யலாம், துளை போட்டும் செய்யலாம். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் முதல் வழி. உனக்கும் கேட்கலாம், யாரும் கூடாது என்று சொல்ல முடியாது. புதுக் கட்டி பிறகு முளைக்கலாம் என்பது ஒன்றுதான் குறை.

கேன்சர் பேச்சுக்கு வருகிறேன். ஃபைப்ராய்டு சாதாரண சதைக் கட்டி. 50 வயதுக்குள் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ஒன்றாவது இருக்கும். பலர் தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். அது புற்றாக மாறும் என்று பயமுறுத்துவது சரியில்லை. சார்கோமா என்று ஒரு புற்று இருக்கிறது, அது பெரும்பாலும் தனியாகத் தோன்றுவது, மிக அபூர்வம். தூரம் முற்றிலும் நின்ற பிறகு கட்டி வளர்ந்தாலோ, நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலோ, அன்றைக்கு ஓட வேண்டும். உனக்கு இப்போது வேண்டியது வேறு: உள்தோலிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பயாப்ஸி பார்க்கணுமா என்று கேள். 45-க்கு மேல் இப்படிப் போக்கு இருந்தால் கட்டாயம் பார்ப்பார்கள், அதற்கு முன்பே விடாமல் போனாலும் பார்ப்பார்கள். தைராய்டும் பார்க்கச் சொல். கர்ப்பப்பை வாய் பரிசோதனை 30 வயதுக்கு மேல் அரசு மருத்துவமனையில் இலவசம், போகிறபோதே அதையும் முடித்துக்கொள்.

பையை எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. மாந்தோப்பு சொன்னதுபோலத் தேவைப்படுகிறவர்களுக்கு அது விடுதலை. மற்றதைச் சொல்லாமலே அதை முதலில் நீட்டுகிற வழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். 2019-ல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை எடுத்த செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க 2022-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிமுறைகளே போட்டது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே இன்னொரு டாக்டரிடம் கேட்பது குற்றமில்லை. முன்பணம் இன்னும் கட்டவில்லை அல்லவா?

தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்கள் நலப் பிரிவு ஓ.பி.க்குக் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கு. ஸ்கேன் ஃபிலிம், ரிப்போர்ட் இரண்டையும் கொண்டுபோ. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. இல்லை என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போ. எந்த ஆபரேஷன் எங்கே அதில் வரும் என்று மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்டரில் முன்கூட்டியே கேட்டுவிடு.

மூலிகை நேசன் தம்பி, உங்கள் சித்தி நன்றாக இருக்கட்டும். அவருக்கு எத்தனை வயது? தூரம் நிற்கிற வயதில் கட்டி தானாகவே சுருங்கும், கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும். 7.4 ரத்தத்தோடு இருக்கிற பெண்ணை ஒரு மண்டலம் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

கண்ணு, ஒரு மணிக்கு ஒரு பேடு நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், அல்லது எழுந்தால் கண் இருட்டினால், ஓ.பி. நேரம் பார்க்காதே. 108-ஐக் கூப்பிடு.


ஓசூர் ஷிப்ட் எழுதியது:

ஆம்பளை இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுக்கு 44. தசைக்குள்ளே ஒரே கட்டி, 9 செ.மீ. இங்கே ஓசூரில் காட்டியபோது எடுத்துவிடலாம் என்றார்கள். அவளுக்கு ஆபரேஷன் என்றாலே பயம், அவள் அம்மா ஏதோ ஒரு ஆபரேஷன் டேபிளில்தான் போனார். என் கம்பெனியில் கூட வேலை செய்பவர் சொல்லித்தான் எம்போலைசேஷன் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. பெங்களூருவில் செய்துகொண்டோம். இதைச் செய்வது பெண்கள் டாக்டர் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். அதனால்தான் பெண்கள் டாக்டரிடம் போனால் இந்தப் பேச்சே வருவதில்லை போல.

தொடையிடுக்கில் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டு (சில இடங்களில் மணிக்கட்டு வழியாகவும் செய்கிறார்கள்), கட்டிக்கு ரத்தம் போகிற குழாயில் மணல் போன்ற துகளை அனுப்பி அடைத்துவிடுகிறார்கள். ரத்தம் கிடைக்காமல் கட்டி சுருங்குகிறது. முழு மயக்கம் கிடையாது. தையல் கிடையாது. 1995-ல் பிரான்சில் ஒரு மருத்துவர் குழு இதைப் பற்றி எழுதியதிலிருந்து உலகம் முழுக்கச் செய்கிறார்களாம்.

"வலியே இல்லை" என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை நம்பாதீர்கள் அக்கா. அன்று ராத்திரி அவள் பட்ட பாடு பிரசவ வலிதான். வலி ஊசி மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிறகு ஒரு வாரம் உடம்பு சூடு, அசதி. அப்புறம் சரியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் கட்டி ஏறக்குறைய பாதியாகியிருந்தது. தூரம் இப்போது நார்மல்.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்குப் பொதுவாக இதைச் சொல்வதில்லை என்று அவர்களே சொன்னார்கள். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் சின்னக் கட்டி குழிக்குள் இருப்பதால் இது ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழிக்குள் இருப்பது செத்து உடைந்து வெளியே வரும், கிருமி பிடிக்கலாம் என்று எங்களிடம் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் முன் அனுமதி கொடுத்ததால் சமாளித்தோம். கைக்காசு என்றால் யோசிக்க வேண்டிய தொகைதான்.


தையல்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முன்பணம் கட்டவில்லை. தர்மபுரி போய்விட்டு வந்தேன்.

அங்கே டாக்டர் உள்வழி ஸ்கேன் மறுபடி எடுக்கச் சொன்னார். வார்டு அக்கா சொன்ன கேள்வியை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போயிருந்தேன், வாய் குழறுமே என்று. டாக்டர் அந்தச் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "யார் எழுதிக் குடுத்தா?" என்று சிரித்தார். சின்னக் கட்டி பாதிக்கு மேல் குழிக்குள்தான் இருக்கிறதாம். முதலில் ரத்தம், அப்புறம்தான் மற்றது என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ட்ரிப்பில் இரும்பு ஏற்றுகிறார்கள். பயாப்ஸிக்கும் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டிரானெக்ஸாமிக் கொடுத்திருக்கிறார்கள். பயாப்ஸி நன்றாக வந்து, ரத்தம் 10-ஐத் தாண்டினால் ஹிஸ்டரோஸ்கோபிக்குத் தேதி கொடுக்கலாம், தேவைப்பட்டால் சேலத்துக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

ட்ரிப் ஏற்றும் வார்டில் பக்கத்துக் கட்டிலில் பென்னாகரத்துப் பெண் ஒருத்தி. அவளுக்கும் ரத்தம் 6 சொச்சம். "பொம்பளைன்னா இப்படித்தான் போகும்னு நெனச்சேங்க்கா" என்றாள். நானும் இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தேன்.

ஒரு சந்தேகம். சின்னதை எடுத்த பிறகு அந்த 5.3 உள்ளேயே இருக்கட்டுமா? அத்தை அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார், "பெரிசை விட்டுட்டுச் சின்னதை எடுக்கறாங்களாம், நல்ல வைத்தியம்" என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.


வார்டு அக்கா எழுதியது:

இருக்கட்டும். தொந்தரவு தராத கட்டியைத் தேடிப் போய் எடுக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று என்று பார்த்துக்கொள்வார்கள். நம் பக்கத்துப் பெண்களுக்கு 46, 47 வாக்கில் தூரம் நின்றுவிடுகிறது, அதன் பிறகு கட்டிக்குத் தீனி கிடையாது, சுருங்கிவிடும். உனக்கு அது ரொம்ப தூரத்தில் இல்லை.

ஆனால் ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள். சின்னதை எடுத்த பிறகும் போக்கு குறையவில்லை என்றால் அந்தப் பெரியதும் காரணம் என்று அர்த்தம். அப்போது காயில், எம்போலைசேஷன், பையை எடுப்பது எல்லாம் அப்படியே கைவசம் இருக்கும். அப்படிப் பையை எடுக்கிற நிலை வந்தால், சூலகத்தை விட்டுவிடச் சொல்லிக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள். கையெழுத்துப் போடுகிற பேப்பரில் என்ன எடுக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கும், தமிழில் படித்துக் காட்டச் சொல்.

அத்தையை ஒரு நாள் உன்னோடு வார்டுக்குக் கூட்டிப் போ. அவர் எலும்பு வலிக்கும் அங்கேயே காட்டிவிடலாம். 38-ல் சூலகமும் சேர்ந்து போயிருந்தால் எலும்பு தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. கால்சியம், விட்டமின் டி பார்த்துக் கொடுப்பார்கள். விழுந்து இடுப்பு உடைந்த பிறகு பார்ப்பதைவிட அது மேல்.


ராயக்கோட்டை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தங்கைக்கு 29 வயது, நான்காவது மாதம். ஸ்கேனில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு என்று வந்திருக்கிறது. மாமியார் வீட்டில் கலைத்துவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. வார்டு அக்கா, கொஞ்சம் சொல்லுங்கள்.


வார்டு அக்கா எழுதியது:

கலைப்பதா! முதலில் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல். 4 செ.மீ. கட்டியோடு பத்து மாதம் சுமந்து பெற்றவர்கள் எத்தனையோ பேர். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது மூன்றாவது மாதங்களைத் தாண்டியதே நல்லது. கட்டி இருக்கிற இடத்தில் திடீரென்று கடும் வலியும் லேசான காய்ச்சலும் வரலாம், கட்டிக்குள் ரத்த ஓட்டம் போதாமல் போவதால் வருவது அது, பெரும்பாலும் ஓய்விலும் வலி மருந்திலும் அடங்கும். அந்த மருந்தைக்கூட டாக்டர் சொன்னதைத்தான் போடணும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடக் கூடாது. ரத்தம் பட்டால் உடனே போகணும். கர்ப்பத்தில் கட்டியை எடுக்க மாட்டார்கள், சிசேரியன் செய்தாலும் பொதுவாக அதை அப்போது தொட மாட்டார்கள், ரத்தம் அதிகம் போகும். கட்டி கர்ப்பப்பை வாய்ப் பக்கம் கீழே இருக்கிறதா, நஞ்சு (நஞ்சுக்கொடி) அதன் மேல் ஒட்டியிருக்கிறதா, இந்த இரண்டை மட்டும் ஸ்கேன் டாக்டரிடம் கேட்கச் சொல். கீழே வழியை அடைத்துக்கொண்டிருந்தால் சிசேரியன் தேவைப்படலாம், அதனால் பிரசவத்தை ரத்த வங்கி இருக்கிற மருத்துவமனையில் வைத்துக்கொள்ளட்டும்.

ரிப்போர்ட்டில் உள்ளதை இதில் போடாமல் தனிக் கேள்வியாகப் போடு. பேரனைக் கூட்டிவர நேரமாச்சு, சாயங்காலம் பார்க்கிறேன்.